பாடு வராத பிள்ளைகள்

என் மனைவியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு, அவளோடு ஒரே ஒன்றியத்தில் வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் கை கழுவிவிட்டு என்னிடம் வந்தார். துண்டைத் தேடிக் கிடைக்காமல் வேட்டி நுனியில் கையைத் துடைத்துக்கொண்டார். இரங்கல் சொல்லப் போகிறார் என்று எண்ணி எழுந்து நின்றேன்.

"சார், டீச்சரோட தீசிஸ் ஒரு காப்பி கிடைக்குமா? நானும் எம்.எட். போட்டிருக்கேன். ஊர் பேரை மட்டும் மாத்திக்கிறேன்."

எந்த ஊராக மாற்றப் போகிறீர்கள் என்று கேட்டேன். திருத்தணிப் பக்கம் தம் சொந்த ஊரைச் சொன்னார். கடலோ ஏரியோ எட்டிப் பார்க்காத ஊர்.

"உங்க ஊர்ல பாடு உண்டா?"

"அப்படின்னா இன்னா சார்?"

ஆய்வேட்டின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது. தர இயலாது என்று சொல்லிவிட்டேன். வெளியே போகும்போது அவர் உடன் வந்தவரிடம், பெரியவருக்கு மனசு சரியில்லை, கொஞ்ச நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னது என் காதில் விழுந்தது. தாம்பூலத் தட்டிலிருந்து பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்.

துக்கத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த அந்த நாளில் எனக்கு மிஞ்சியது அருவருப்பு. அது அந்த மனிதரோடு தொடங்கியதும் அல்ல. அவரோடு முடியப்போவதும் அல்ல. நாற்பது வயதைக் கடந்த ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியைக்கு மேற்படிப்பு என்ன செய்யும் என்று யாராவது என்னைக் கேட்டால், அவளை ஆசிரியையாக ஆக்கியதே அதுதான் என்று தயங்காமல் சொல்வேன். அந்தப் படிப்பைச் சுற்றி நின்ற மனிதர்களைப் பற்றிக் கேட்டால், எனக்கு வேறு மொழி வேண்டியிருக்கும். இரண்டையும் ஒன்றாக எழுதிப் பார்க்கிறேன்.

பழவேற்காட்டில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் குப்பம் ஒன்றின் தொடக்கப்பள்ளியில் அவள் வேலை பார்த்தாள். ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர்கள், மற்றவர் தலைமையாசிரியர். நாங்கள் பொன்னேரியில் குடியிருந்தோம். காலையில் முதல் பேருந்தில் பழவேற்காடு போய், அங்கிருந்து படகில் ஏரியைக் கடப்பாள். அப்போது பாலம் கிடையாது. நான் சென்னைக் கல்லூரி ஒன்றில் வரலாறு கற்பித்தேன். பழவேற்காட்டில் இருந்த டச்சுக்காரர்களின் வணிகம் என் ஆய்வுத் துறை. விடுமுறை நாள்களில் அவர்களுடைய கோட்டை மேட்டையும் கல்லறைகளையும் பார்க்க நானும் அதே ஊருக்குப் போய்வந்தேன்.

ஒரு முறை கல்வி அதிகாரி ஒருவர் அவளுடைய மூன்றாம் வகுப்புக்குள் வந்து, கூட்டல் கணக்கொன்றைக் கேட்டு, தெரிந்தவர்கள் கை தூக்கலாம் என்றார். ஒரு கையும் எழவில்லை. இன்னொன்று கேட்டார். அதற்கும் அமைதி. வகுப்பு முழுவதும் மெல்லக் கற்போர் என்று எழுதிவிட்டுப் படகுக்கு நடந்தார். அவள் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பசங்களுக்குத் தெரியுதுங்க. ஸ்லேட்டுல எழுதச் சொன்னா எழுதறாங்க. வாயைத் திறக்கச் சொன்னா மாட்டேங்கறாங்க. இத்தனை வருஷம் நானும் மந்தம்னுதான் சொல்லிட்டு இருந்தேன். அது ஏன்னு எனக்குத் தெரியணும்."

காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதை அந்த அதிகாரியைப் போன்றவர்கள் காது கொடுக்கும் விதத்தில் எழுதி, அவர்கள் வாயால் கேள்வி கேட்கவைத்து, பதில் சொல்ல வேண்டும். அஞ்சல் வழியில் எம்.எட். சேர்ந்ததற்கு அவளுக்கு இருந்த நோக்கம் இதுதான். அதில் சேர்ந்த மற்றவர்களுக்கு இருந்த நோக்கம் ஊக்க ஊதியம். அதை அவர்கள் மறைக்கவும் இல்லை.

மே மாதத்தில் சென்னையில் நேர்முக வகுப்புகள் நடந்தன. மாலையில் அவளை அழைத்துவரப் போகும்போது அந்த மண்டபத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் பலருக்காக வருகைக் கையெழுத்துப் போடுவார். பழுத்துப்போன தாள்களிலிருந்து விரிவுரையாளர் படிப்பார். எதிரில் இருந்தவர்கள் யாருடைய மாமன் எந்த அலுவலகத்தில் இருக்கிறார் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பகல் முழுவதும் பிள்ளைகளைப் பார்த்து வாயை மூடு என்று அதட்டுகிறவர்கள், அங்கே ஒரு நிமிடமும் வாயை மூடவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தின் வாழை இலைகள் மேசைக்கு அடியிலேயே கிடந்து அழுகின.

அந்த மண்டபத்தில் ஒரே ஒரு அம்மையார் மட்டும் பாடம் நடத்தினார். பிறர் வகுப்பின் கடைசியில் போய் உட்காருங்கள், எதையும் நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள், யார் கேட்டார், யாரைப் பார்த்துக் கேட்டார், பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தார், யார் சொன்னார் என்பதை மட்டும் கவனியுங்கள் என்பது அவர் பாடம். பெரும்பாலோர் மேசைமேல் தலை சாய்த்துத் தூங்கினார்கள். என் மனைவி அந்தப் பாடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

பள்ளி திறந்ததும் தலைமையாசிரியரிடம் தன் வகுப்பை எடுக்கச் சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்குப் பின்னால் தரையில் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

"இன்னா டீச்சர், திரும்பவும் மூணாங்கிளாஸ்ல சேந்துட்டீங்களா? டி.சி. எடுத்தாந்தீங்களா?" என்று அவர் கேட்க, வகுப்பே சிரித்ததாம்.

முதலில் அவள் கண்டது ஆசிரியர்களைப் பற்றியது. கேள்வியைக் கேட்டுவிட்டு ஒரு மூச்சு விடும் நேரம்கூட அவர்கள் நிற்பதில்லை. பதிலையும் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். தானும் அப்படித்தான் என்று உணர்ந்து, காத்திருக்கப் பழகினாள். அந்த நீண்ட அமைதியில்தான் அது அவள் கண்ணில் பட்டது. கேள்வி விழுந்ததும் எல்லாக் குழந்தைகளும் திரும்பி ஒரு குழந்தையைப் பார்த்தார்கள். அந்தக் குழந்தைக்குத் தெரிந்தால் அது சொல்லும். தெரியாவிட்டால் வகுப்பு மௌனமாக இருக்கும். மறுநாள் எல்லாரும் வேறொரு குழந்தையைப் பார்த்தார்கள். ஒரு நாள் ஒருவன் அவசரப்பட்டுச் சரியான பதிலைச் சொல்லிவிட்டான். இடைவேளையில் அவனே தன் பலப்பத்தைத் துண்டுதுண்டாக உடைத்து மற்றவர்களுக்குக் கொடுத்தான். அழவில்லை, யாரும் அவனை அடிக்கவும் இல்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிற மாதிரி கொடுத்தான்.

ஒரு சிறுமியைத் தனியே அழைத்து, கணக்கு தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறாள்.

"இன்னிக்கி அவன் பாடு டீச்சர். அதுல நான் எறங்கலாமா? ஊர்ல கேக்க மாட்டாங்க?"

அந்த ஏரியை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. முகத்துவாரத்தை ஒட்டி மீன் நிறைய விழும் இடங்களில் நினைத்தவர் நினைத்த நாளில் வலை போட முடியாது. குப்பங்கள் அந்த இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. இன்று இந்த இடம் இன்னாருக்கு, நாளை வேறொருவருக்கு. அந்த முறைக்குப் பெயர் பாடு. பிறர் பாட்டில் இறங்கியவர் ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தண்டம் கட்ட வேண்டும். பாட்டுக்கு உரியவர் வர முடியாத நாளில் அவருடைய பங்காளி இறங்கலாம். பங்காளியும் இல்லையென்றால் மீன் துள்ளினாலும் அந்த இடம் சும்மா கிடக்கும். இந்த ஒழுங்கைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், ஆசிரியரின் கேள்வியையும் ஏரியின் நல்ல இடமாக எண்ணித் தங்களுக்குள் பாடு வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரையொருவர் முந்திக்கொண்டு கை தூக்கச் சொல்லும் நம்முடைய வழக்கம் அவர்களுக்குக் களவாகத் தோன்றியது.

அவள் அந்த அத்தியாயத்தை எழுதி என்னிடம் கொடுத்தபோது, இரண்டு முறை படித்தேன். என் துறையில் இதில் பாதி கண்டவர், ஓய்வு பெறும்வரை அதையே கருத்தரங்குக்குக் கருத்தரங்கு சொல்லித் திரிவார். அவள் மறுநாள் பள்ளிக்குப் போய் வேலையைத் தொடங்கினாள். பாட்டை அவள் ஒழிக்கவில்லை. காலையில் வணக்கம் சொல்லி முடித்ததும், இன்றைக்கு யார் பாடு என்று கேட்டாள். கணக்குக்கு ஒருவர், வாசிப்புக்கு ஒருவர், கதைக்கு ஒருவர் என்று பாடுகளைப் பெருக்கினாள். வராத பிள்ளையின் பாட்டை யார் எடுப்பது என்பதை அவர்களையே முடிவு செய்யவிட்டாள். சில மாதங்களில் அந்த வகுப்பில் பேச்சுச் சத்தம் கேட்டது. மந்தம் என்ற சொல்லை அதன் பிறகு அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

இனி வழிகாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆய்வேட்டுக்கு அவர் கையெழுத்து வேண்டும். முதல் சந்திப்பிலேயே அவள் எந்த ஊரில் வேலை பார்க்கிறாள் என்று கேட்டார். பழவேற்காடு என்றதும் அவர் முகம் மலர்ந்தது. ஆய்வைப் பற்றி அவர் அப்படி மலர்ந்து ஒரு முறையும் நான் பார்த்ததில்லை. ஆரணியிலிருந்து வருபவர் அரிசி கொண்டுவருவார், மேடம் உங்கள் ஊரில் நண்டு நன்றாக இருக்குமே என்றார். அதன் பிறகு ஒவ்வொரு சந்திப்புக்கும் அவள் கயிறு கட்டிய உயிர் நண்டுகளை ஈரச் சாக்கில் போட்டு, பொன்னேரியில் ரயிலேறி எடுத்துப் போனாள். அவை சாக்குக்குள் நுரை கக்கும் ஒலி ரயில் நிற்கும்போதெல்லாம் கேட்கும். அவர் வீட்டில் சாக்கை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் தாள்களைக் கையில் வாங்குவார். அவர் திருப்பிக் கொடுத்த பக்கங்களில் திருத்தம் எதுவும் இராது. மஞ்சள் விரல் தடம் இருக்கும்.

இதை நிறுத்து என்று ஒரு நாள் சொன்னேன். அவள் கைகளைச் சீயக்காய் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நண்டு கேக்கறாரு, குடுக்கறேன். நான் எழுதினதுல கை வைக்கச் சொன்னா ஒத்துக்க மாட்டேன்."

பள்ளியைப் பார்வையிட வேண்டும் என்று சொல்லி அவர் ஒரு சனிக்கிழமை வந்தார். மனைவி, மகன், மைத்துனர் ஆகியோரும் காரில் வந்து இறங்கினார்கள். அன்று பள்ளிக்கு ஈடுசெய் வேலைநாள். பள்ளிக்கு முன் டச்சுக்காரர்களின் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். வரலாறு சொல்ல என்னையும் அழைத்தார்கள். வாயிலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு ஒன்றின் தோளில் மகன் கை போட்டு நின்றான். மைத்துனர் படம் எடுத்தார். டச்சுக்காரர்கள் விட்டுப்போன பதிவுகளைப் பற்றி நான் இரண்டு வார்த்தை சொன்னேன்.

"பாருங்க சார், அவங்கதான் ஆய்வாளருங்க. எதையும் விடாம நம்பர் போட்டு வெச்சிருக்காங்க" என்றார் வழிகாட்டி.

அந்தப் பதிவுகளில் துணி மூட்டைகளோடு, இந்தக் கரையில் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றப்பட்ட மனிதர்களும் எண்ணாகத்தான் இருக்கிறார்கள். அதை அவரிடம் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

படகில் ஏரியைக் கடந்து வகுப்புக்கு வந்தபோது அவருக்குப் பசி வந்துவிட்டது. வாசற்படியிலேயே நின்றுகொண்டு, ஏழும் எட்டும் எவ்வளவு, தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்றார். பிள்ளைகள் காலியாகக் கிடந்த ஓர் இடத்தைப் பார்த்தார்கள்.

"இன்னா மேடம், எல்லாம் ஊமையா? மண்டைக்குள்ள மீனுதான் இருக்கா?"

அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார். என் மனைவி அவரைப் பார்க்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்து, இன்றைக்கு யார் பாடு என்று கேட்டாள்.

"அவ பாடு டீச்சர். அவ அவங்கம்மாவோட மார்க்கெட்டுக்குப் போயிட்டா" என்று காலி இடத்தைக் காட்டினாள் பக்கத்தில் இருந்தவள்.

"அவளுக்குப் பதிலா யார் எறங்கறது?"

சற்று நேரம் சென்று, மூலையிலிருந்து ஒரு சின்னப் பையன் எழுந்தான்.

"நான் அவ சித்தப்பா பையன் டீச்சர். பதினஞ்சு."

அவன் உட்கார்ந்ததும் அடுத்த கேள்விக்கு இன்னொருத்தி எழுந்தாள். என் மனைவி எழுதிய அத்தியாயம் முழுவதும் அந்த மனிதரின் கண்ணெதிரே நடந்து முடிந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா இதை டேபிள்ல எப்படிப் போடுவீங்க?"

சாப்பாட்டின்போது அதற்கு அவரே வழி சொன்னார். தலைமையாசிரியர் தம் வீட்டில் சமைத்துக் கொண்டுவந்த இறாலையும் நண்டையும் அவர் குடும்பம் தின்றது. ஓடுகளை இலைக்கு வெளியே, பிள்ளைகள் உட்காரும் தரையில் துப்பினார்கள். ஒப்பிடுவதற்கு இன்னொரு பள்ளி வேண்டும், அங்கேயும் பார்த்ததாக ஓர் அட்டவணை போட்டுவிடுங்கள் என்றார். நான் வேறு பள்ளியில் பார்க்கவில்லையே என்றாள் அவள்.

"நீங்க ஏன் பாக்கணும்? டைப் அடிக்கிறாரே, அவரே போட்டுக் குடுத்துடுவாரு. நிறைய பேருக்குப் போட்டிருக்காரு. கரெக்டா வரும்."

அவர் போனதும் துடைப்பத்தை எடுத்து ஓடுகளைக் கூட்டித் தள்ளினாள்.

அந்த ஆண்டு ஆய்வேட்டை அவள் சமர்ப்பிக்கவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு பழவேற்காடு ஊருக்குள், வணிகக் குடும்பங்களின் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில் அனுமதி வாங்கி, அங்கே பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். அங்கே கேள்வி முடிவதற்குள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஆசிரியருக்கு யார் என்ன சொன்னார்கள் என்றே தெரியவில்லை. தெரியாத பிள்ளை அந்தக் கூச்சலுக்குள் வசதியாக ஒளிந்துகொண்டது. தன் வகுப்பின் அமைதியில் தெரிந்த பிள்ளை ஒளிந்திருந்ததைப் போல, அங்கே சத்தத்தில் தெரியாத பிள்ளை ஒளிந்திருந்தது என்று எழுதினாள். உண்மையான அட்டவணையும் போட்டாள். வழிகாட்டி அதைப் பார்த்துவிட்டு, இதற்கு ஏன் மேடம் ஒரு வருஷம், ஒரு சாயங்கால வேலை என்றார். கையெழுத்தைப் போட்டார். நண்டை வாங்கிக்கொண்டார்.

வாய்மொழித் தேர்வு நாளில் நானும் உடன் போனேன். நடையில் ஆசிரியர்கள் புதுப் புடவையும் புதுச் சட்டையுமாக வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு பை. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளருக்குப் பிற்பகல் ரயில் இருப்பதாகவும், அதற்குள் எல்லாரையும் முடித்துச் சாப்பிட வைத்து அனுப்ப வேண்டும் என்றும் பேசிக்கொண்டார்கள். எத்தனை கேள்வி வரும் என்று பயந்தவர் அங்கே யாரும் இல்லை. என் மனைவி மட்டும் பல நாள்களாகத் தயார் செய்திருந்தாள். பாடு என்பதை ஏரி தெரியாதவருக்கு எப்படி விளக்குவது என்று என்னிடம் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். மெல்லக் கற்போர் என்று எழுதப்பட்ட அந்தப் பிள்ளைகளுக்காக அவள் பேச வேண்டிய இடம் அந்த அறை.

உள்ளே போனாள். உள்ளே போன தேநீர்க் கோப்பைகள் வெளியே வருவதற்கு முன்பே அவள் வந்துவிட்டாள்.

என்ன கேட்டார்கள் என்றேன்.

"எறா இப்ப சீசனான்னு கேட்டாங்க."

"நீ?"

"சீசன்தான்னு சொன்னேன்."

ஆய்வேட்டை யாரும் திறக்கவில்லை. வழிகாட்டி எழுந்து, மேடம் நல்ல உழைப்பாளி என்று சான்று சொன்னாராம். தேர்வுக் குழுவில் இருந்த மூவரும் தலையசைத்தார்கள். தட்டச்சுக்காரரிடம் எண்களைப் போட்டு வாங்கியவர்களுக்கும் அதே தலையசைப்புதான். பட்டம் பிறகு அஞ்சலில் வந்தது. ஊக்க ஊதியமும் வந்தது. கல்வி அதிகாரியின் கையில் அவளே ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அதை மேசை ஓரத்தில் வைத்து, அதன் மேல் தம் தண்ணீர் டம்ளரை வைத்தார். அடுத்த பார்வையின்போதும் அந்தப் பள்ளிக்கு அதே சொல்லை எழுதினார்.

வாய்மொழித் தேர்வன்று மாலை கும்மிடிப்பூண்டி ரயிலில் அமர்ந்திருந்தோம். அவள் மடியில் ஆய்வேட்டை வைத்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்திப்பட்டை நெருங்கும்போது அனல்மின் நிலையச் சாம்பல் காற்றில் வந்தது. ஜன்னலை இறக்கிவிட்டு, அவள் மடியிலிருந்து ஆய்வேட்டை எடுத்துப் பிரித்தேன்.

"இந்தத் தலைப்பை நீங்கள் தேர்ந்தெடுக்கக் காரணம் என்ன?" என்று கேட்டேன்.

திருமணமான நாளிலிருந்து அவளை நான் நீங்கள் என்று அழைத்ததில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். விளையாட்டில்லை என்று தெரிந்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, பதில் சொன்னாள். அடுத்த கேள்வியைக் கேட்டேன். பாடு என்றால் என்ன, ஒரே வகுப்பை வைத்துப் பொதுவாகச் சொல்ல முடியுமா, முறை வைத்துப் பேசுவதால் விரைவாகக் கற்கும் பிள்ளை பின்தங்காதா என்று, ஒரு தேர்வாளர் கேட்டிருக்க வேண்டிய எல்லாவற்றையும் கேட்டேன். அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் சற்றுக் காத்திருந்து சொன்னாள். ஒரு கேள்விக்குத் தெரியாது என்றாள்.

மீஞ்சூரில் ரயில் நின்றிருந்தபோது கடைசிக் கேள்வியைக் கேட்டேன்.

"உங்கள் ஆய்வின் குறை என்று எதைச் சொல்வீர்கள்?"

"பசங்க இன்னா பண்றாங்கன்னு எழுதியிருக்கேன் சார். இவ்வளவு வருஷமா அவங்களை ஒரு வார்த்தை ஏன் கேக்கலைன்னு எழுதலை. வாத்தியாருங்க ஏன் கேக்கறதே இல்லைன்னு யாராவது தனியா ஆராயணும்."

தேர்வு முடிந்தது, நீங்கள் போகலாம் என்றேன். அவள் இருக்கையிலிருந்து எழுந்து, இரு கை கூப்பி எனக்கு வணக்கம் சொன்னாள். எதிரில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.